இழுவை எங்கே போகிறது?

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் இருக்கும். டிரெய்லரின் இருபக்கமும் பிதுங்கிய கரும்புத் தோகை காற்றில் அசைந்துகொண்டே வந்தது. எதிரே வெகுதூரத்தில் ஒரு பஸ். இந்த அளவு இடைவெளியில் எத்தனையோ முறை முந்தியிருக்கிறேன். இரண்டாவது கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தேன்.

வண்டி எழும்பவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோலத் திணறிக்கொண்டே போனது. டிரெய்லரின் பாதி நீளத்தைக்கூடத் தாண்டாத நிலையில் பஸ்ஸின் விளக்கு கண்ணில் அடித்தது. பிரேக்கை மிதித்து மறுபடி டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மகள் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிராக்டரையும் டிரெய்லரையும் தாண்டி, முன்னும் பின்னும் போதிய இடம் விட்டு ஒதுங்க, அதைவிட நான் சுமார் 40 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். நல்ல நிலையில் உள்ள சிறிய கார் இரண்டாவது கியரில் நொடிக்கு 1.5 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டும் என்று கொண்டால், 7 நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த வீதம் 0.8 ஆகக் குறைந்தால் 10 நொடி. கூடுதலாக ஆவது 3 நொடிக்கும் குறைவுதான். ஆனால் 70 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் பஸ் 3 நொடியில் ஏறக்குறைய 60 மீட்டர் நெருங்கிவிடும்.

'பிக்கப் இல்லை' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் குறைக்குப் பின்னால் இந்த 60 மீட்டர் இருக்கிறது. அந்த இழுவை எங்கே தொலைகிறது, அதை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஆறு குதிரை போதும்

டிராக்டர் ஒரு கிளைச் சாலையில் திரும்பிய பிறகு, செஞ்சி வரை வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக ஓடியது. அதிர்வு இல்லை, புகை இல்லை, சூடு ஏறவில்லை. முந்தும்போது திணறிய வண்டி, சீராக ஓடும்போது மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?

ஒரு காரைச் சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓட்ட இரண்டு தடைகளை மட்டும் வென்றால் போதும். ஒன்று காற்றின் தடை. மற்றொன்று டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வரும் தடை. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு, 60 கிலோமீட்டர் வேகத்தில் இவை இரண்டையும் வெல்லத் தேவைப்படுவது 4 முதல் 5 கிலோவாட் திறன்தான். குதிரைத்திறனில் சொன்னால் ஏறக்குறைய 6. அந்தக் காரின் இன்ஜினோ 80 குதிரைத்திறன் தரக்கூடியது. அதாவது சீராக ஓடும்போது இன்ஜின் தன் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்த இன்ஜினும் அந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்துவிடும்.

முந்தும்போது நிலைமை வேறு. 1,200 கிலோ எடையின் இயக்க ஆற்றலையே சில நொடிகளில் உயர்த்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 40-லிருந்து 80 கிலோமீட்டருக்குப் போக, 2 லட்சத்து 20 ஆயிரம் ஜூலுக்கு மேல் ஆற்றலை வண்டிக்குள் ஏற்ற வேண்டும். அப்போதுதான் இன்ஜினிடம் உள்ள அத்தனையும் தேவைப்படுகிறது. இருக்கும் குறையும் அப்போதுதான் வெளியே வருகிறது.

செஞ்சியில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கடைத்தெருவில் நாள் முழுக்க நடந்தாலும் தெரியாத இதயக் கோளாறு, ராஜகிரிப் படிகளில் பாதி ஏறும்போது தெரிந்துவிடும். இதய மருத்துவர் நோயாளியை ஓடுபட்டையில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. எடுப்பதும் இதனால்தான். காருக்கு வேகமெடுத்தல் என்பது அப்படியொரு சோதனை. வண்டி மோசமாக வேகமெடுக்கிறதென்றால், மற்ற நேரங்களில் மறைந்திருந்த ஒரு கோளாறை அது வெளியே சொல்கிறது என்று பொருள்.

நோயா, சுபாவமா?

தேடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வண்டி முன்பு நன்றாக இழுத்ததா?

இழுவை குறைந்த வண்டிகளெல்லாம் நோயுற்றவை அல்ல. சில பிறவியிலேயே அப்படித்தான். இதற்குத் தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1985-இல் அந்த நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. அழகான, அகலமான, கனமான கார். இங்கிலாந்தில் அதற்குள் இருந்தது 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர், 155 குதிரைத்திறன் இன்ஜின். இங்கே அதற்குள் வைத்ததோ, பழைய வான்கார்டு கார் காலத்து வடிவமைப்பில் வந்த, 83 குதிரைத்திறன் தரும் 2 லிட்டர் இன்ஜின். அதே எடைக்கு ஏறக்குறைய பாதிச் சக்தி. விலை உயர்ந்த கார் மந்தமாக நகர்ந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் அந்தக் காரின் மந்தத்தைத் தீர்த்திருக்க முடியாது. அதில் கோளாறு இல்லை. எடைக்கும் சக்திக்குமான விகிதமே அதுதான்.

ஆகவே ஒரு வண்டியை இன்னொரு மாடலோடு ஒப்பிடக் கூடாது. அதே வண்டியின் நேற்றைய நிலையோடு ஒப்பிட வேண்டும். அந்த அளவு கையில் இல்லையென்றால் அதே மாடலில், அதே வயதில் உள்ள நல்ல வண்டியோடு ஒப்பிடலாம். விழுப்புரத்தில் இருக்கும் என் மைத்துனரிடம் அப்படியொரு வண்டி இருந்தது.

கைபேசி என்னும் தராசு

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் இடையே நான்குவழிச் சாலை ஆளரவமின்றிக் கிடந்தது. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், 'இப்ப' என்று சொல்லி ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பேன். வேகமானி 80-ஐத் தொட்டதும் மகள் கைபேசியில் ஓடும் நொடிக் கணக்கை நிறுத்துவாள். போகும் திசையில் மூன்று முறை, வரும் திசையில் மூன்று முறை. காற்றும் சாலைச் சரிவும் ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் கெடுக்கும்; சராசரியில் இரண்டும் கழிந்துவிடும்.

என் வண்டிக்குச் சராசரி 17 நொடி. மைத்துனரின் வண்டிக்கு 10 நொடி.

இந்த இரண்டு எண்களிலிருந்தே இன்ஜின் சக்கரங்களுக்குத் தந்த திறனைக் கணக்கிட முடியும். ஏற்ற வேண்டிய ஆற்றல் 2 லட்சத்து 22 ஆயிரம் ஜூல். அதை 10 நொடியில் ஏற்றினால் நொடிக்கு 22 ஆயிரம் ஜூல், அதாவது 22 கிலோவாட். தடைகளை வெல்ல இன்னொரு 5 கிலோவாட். மொத்தம் 27. என் வண்டிக்கு 13-உம் 5-உம் சேர்ந்து 18 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

'ஏதோ இழுவை குறைஞ்ச மாதிரி இருக்கு' என்பது ஓர் உணர்வு. 'மூன்றில் ஒரு பங்கு சக்தி இல்லை' என்பது ஓர் அளவு. உணர்வை வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத்தான் முடியும். அளவு கையில் இருந்தால், அந்த அளவுக்குப் பொருந்தாத காரணங்களை உட்கார்ந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

அளவு பொருந்தாத காரணங்கள்

என்னிடம் பலரும் பல காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

'வெயில் காலம் சார், அப்படித்தான் இருக்கும்' என்றார் ஒருவர். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும் என்பது உண்மைதான். மார்கழிக் காலையின் 22 டிகிரிக்கும் விழுப்புரத்துக் கத்திரி வெயிலின் 40 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் வேறுபடும். சக்தியும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். 33 சதவீதம் குறையாது. நான் சோதித்ததும் விடியற்காலையில்.

'ஏ.சி. இழுத்துக்குது' என்றார் இன்னொருவர். ஏ.சி. கம்ப்ரசர் மூன்று நான்கு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். சிறிய இன்ஜினுக்கு அது சுமைதான். ஆனால் பல கார்களில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கணினியே கம்ப்ரசரைச் சில நொடி துண்டித்துவிடும். சோதனையின்போது நான் ஏ.சி.யை அணைத்தும் வைத்திருந்தேன்.

பலரும் அடித்துச் சொன்ன காரணம் எத்தனால். 2025-இல் நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. முண்டியம்பாக்கம் ஆலைக்கு வரிசை கட்டி நிற்கும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, கரும்பிலிருந்து எரிபொருள் கிடைப்பது வியப்பில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6 அல்லது 7 சதவீத ஆற்றல் குறையும். ஆனால் சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையைச் சோதித்துக் கணினிக்குச் சொல்ல, கணினி அதற்கேற்ப எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகத் தெளிக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே குறைவது பெரும்பாலும் மைலேஜ். இழுவை அந்த அளவுக்குக் குறையாது. தவிர, மைத்துனரும் நானும் பெட்ரோல் போட்டது ஒரே பங்கில்.

மூன்று காரணங்களையும் கூட்டிப் பார்த்தாலும் காணாமல் போன மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. அளவு பொருந்தாத காரணத்தை நோயின் காரணமாக ஏற்கக் கூடாது. மருத்துவத்தில் எப்படியோ, மோட்டார் பட்டறையிலும் அப்படியே.

பிறக்கவில்லையா, வந்து சேரவில்லையா?

இனி எஞ்சியிருப்பதை ஒரே கேள்வியால் இரண்டாகப் பிளக்கலாம். சக்தி இன்ஜினில் பிறக்கவே இல்லையா? அல்லது பிறந்த சக்தி சக்கரம் வந்து சேரும் வழியில் தொலைகிறதா?

முதலில் கிளட்ச். ஒவ்வொரு கியரிலும் இன்ஜினின் சுற்றுக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாதது. பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை அதை நிர்ணயிக்கிறது. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டருக்கு 2,000 சுற்று என்றால், 80-க்கு 4,000 சுற்றுதான் வர வேண்டும். கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் இந்த விகிதம் உடையும். சுற்று முள் துள்ளி மேலே போகும், வேக முள் பின்தங்கும், சில சமயம் கருகிய நாற்றமும் வரும். ஆர்.பி.எம். முள்ளையும் வேக முள்ளையும் பார்க்கத் தெரிந்த யாரும் ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. என் வண்டியில் இரண்டு முள்ளும் இணைந்தே ஏறின. கிளட்ச் நன்றாக இருந்தது.

அடுத்து பிரேக். இந்த வட்டாரத்தில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியை நாம் துடைத்துக் காயவைத்து ஓட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் பிரேக்கின் பிஸ்டனையும் காலிப்பரின் நகரும் ஊசிகளையும் துரு பிடித்தால், மிதியை விட்ட பிறகும் பிரேக் முழுமையாக விலகாது. மெக்கானிக்குகள் இதை 'பிரேக் ஜாம்' என்பார்கள். இன்ஜின் தரும் சக்தியில் ஒரு பகுதி அந்த உரசலில் சூடாகிப் போய்விடும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் சில துளி தண்ணீர் தெளித்தால், ஜாம் ஆன சக்கரம் மட்டும் சீறும். கையை வைத்துப் பார்க்கக் கூடாது, சுட்டுவிடும். டயரில் காற்றையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். என் வண்டியில் நான்கு சக்கரமும் ஒரே சூடு. நியூட்ரலில் விட்டபோது மைத்துனரின் வண்டி உருண்ட தூரமே என் வண்டியும் உருண்டது.

வழியில் எதுவும் தொலையவில்லை. அப்படியென்றால் சக்தி பிறக்கும் இடத்திலேயே குறை.

நான்கு தேவைகள்

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டு அனுபவம். நான் குறித்து வைத்திருந்த எண்களைக் காட்டியதும் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "இதுவரைக்கும் பார்த்தது சரி சார். இனிமே உள்ள போவோம்" என்றார்.

முதலில் ஸ்கேனரை மாட்டினார். அது காட்டிய குறியீடு பி 0420. வெளியேறும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். 'ஆக்சிஜன் சென்சாரை மாத்திடலாமே அண்ணே' என்றேன், எங்கோ படித்த நினைவில். அவர் தலையசைத்தார். "மிஷின் என்னத்தைப் பார்த்துச்சோ அதைச் சொல்லுது. எந்தச் சாமான் கெட்டுச்சுன்னு அது சொல்லல. அதை நாமதான் பார்க்கணும்."

பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ளே போக வேண்டியவையும் உள்ளே நடக்க வேண்டியவையும் நான்கு: காற்று, எரிபொருள், பொறி, அழுத்தம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய 9,000 லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். 1.2 லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில் முழு மூச்சு வாங்கினால் நொடிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் காற்றை உறிஞ்சும். அத்தனையும் ஏர் ஃபில்டர் வழியாகப் போக வேண்டும். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் ஃபில்டர், குறித்த காலத்துக்கு வெகு முன்பே சாம்பல் பூத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் செய்த ஓர் ஆய்வு இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. தற்காலக் கார்களில் அடைபட்ட ஃபில்டரால் மைலேஜ் ஏறக்குறைய குறைவதே இல்லை, குறைவது வேகமெடுப்பு. புதிய ஃபில்டர் போட்டபோது அது 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. காரணம் நாம் முன்பே பார்த்ததுதான். சீராக ஓடும்போது காற்றுக் கதவே பாதி மூடித்தான் இருக்கிறது; ஃபில்டரின் தடையை ஈடுகட்டக் கதவைச் சற்றுக் கூடுதலாகத் திறந்தால் போதும். முழுக்க மிதிக்கும்போது கதவு ஏற்கெனவே முழுவதும் திறந்துவிட்டது. ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை. என் ஃபில்டர் அழுக்காக இருந்தது. மாற்றினோம். 17 நொடி 16 ஆனது. உண்மையான குறைதான், ஆனால் அதுவே முழு நோய் அல்ல.

எரிபொருள். பம்ப் தரும் அழுத்தத்தை மானி வைத்துப் பார்த்தார். இத்தகைய இன்ஜினில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். முழுக்க மிதிக்கும்போதும் அது விழக்கூடாது. விழவில்லை.

பொறி. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். நல்ல பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருக்கும். கருமை படிந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரம் இருந்தால் இன்ஜினுக்குள் ஆயில் ஏறுகிறது. நான்கும் ஒரே நிறம். மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது. "இதை எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். போன வருஷம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அழுத்தம். பிளக் துளையில் மானியை மாட்டி இன்ஜினைச் சுழலவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று தெரியும். 12 பாரை ஒட்டி, நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் என்ன செய்வார் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று அது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பார்கள். ஆயில் பிஸ்டனின் விளிம்பைச் சுற்றிப் பரவி, ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில். இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே எந்தப் பாகம் கெட்டது என்று ஒரு கரண்டி ஆயில் சொல்லிவிடும்.

மூச்சு விட முடியாத இன்ஜின்

நான்கும் சரி. ஆனாலும் சக்தி இல்லை. மெக்கானிக் கொஞ்ச நேரம் வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். சைலன்சர் வாயருகே உள்ளங்கையைக் காட்டி, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். பிறகு மைத்துனரின் வண்டியிலும் அதையே செய்து பார்த்தார்.

"உங்க வண்டி மூச்சு நல்லா வாங்குது சார்" என்றார். "விடத்தான் முடியல."

அதை நிரூபிக்க அவர் எடுத்தது பழங்காலத்து வெற்றிட மானி. காற்று உள்ளே போகும் குழாயில் இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தை அது அளக்கும். சும்மா நிற்கையில் முள் 450 மில்லிமீட்டர் பாதரசத்தில் அசையாமல் நின்றது. நல்ல இன்ஜினின் அளவு. சுற்றை 2,500-க்கு உயர்த்தி அப்படியே பிடிக்கச் சொன்னார். முள் நிலைத்து நிற்காமல் மெல்ல, மிக மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. எரிந்த புகை வெளியேற முடியாமல் சிலிண்டருக்குள்ளேயே தேங்கினால், அடுத்த மூச்சுக்குப் புதுக்காற்று நுழைய இடம் இருக்காது. உறிஞ்சும் வலு குறையும், வெற்றிடமும் குறையும்.

பிறகு முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மானியை மாட்டினார். 2,500 சுற்றில் 0.2 பாருக்கு மேல் போனால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. மானி 0.5 காட்டியது.

இத்தனை பெரிய அடைப்பு, சாதாரணமாக ஓட்டும்போது ஏன் தெரியவில்லை? குறுகிய வழியில் பாயும் காற்றின் ஓட்டம் இரண்டு மடங்கானால், அது சந்திக்கும் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் விடும் மூச்சு சிறியது. அடைபட்ட வழியிலும் அது எப்படியோ கசிந்து போய்விடும். முழுக்க மிதிக்கும்போது அந்த மூச்சு பல மடங்கு பெரிதாகிறது. தடை அதைவிடப் பல மடங்கு பெரிதாகிறது.

கன்வர்ட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதற்குள் இருக்க வேண்டியது பீங்கானால் ஆன தேன்கூடு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 400 துளை. சுவரெங்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனையின் வெளிச்சம் தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது பாதிக்கும் குறைவு. மீதி, உருகி வழிந்து இறுகிய பாகுபோலக் கிடந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு

அந்தப் பீங்கான் உருக 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சாதாரணமாகக் கன்வர்ட்டர் 400 முதல் 800 டிகிரியில் வேலை செய்யும். அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது?

மெக்கானிக் அந்தப் புது காயிலைச் சுட்டிக்காட்டினார். அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு வண்டி 'மிஸ்ஸிங்' அடித்தது. மூன்றாவது சிலிண்டரின் காயில் விட்டுவிட்டு வேலை செய்தது. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மினுக்கியது. வேலைப் பளு; அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் ஓட்டினேன். பிறகு காயிலை மாற்றினேன், வண்டி சீரானது, விளக்கு அணைந்தது. மறந்துவிட்டேன்.

பொறி விழாத ஒவ்வொரு முறையும், அந்தச் சிலிண்டரில் இருந்த பெட்ரோலும் காற்றும் எரியாமலே கன்வர்ட்டருக்குள் போயின. அங்கே இருந்த சூட்டிலும் உலோகப் பூச்சின் மேலும் அவை எரிந்தன. இன்ஜினுக்குள் எரிய வேண்டியது தேன்கூட்டுக்குள் எரிந்தது. நான் ஓட்டிய ஒரு மாதமும் தேன்கூடு உருகிக்கொண்டிருந்தது. அதன் பின்னும் உடைந்த துகள்கள் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தன. இழுவை ஒரே நாளில் போகவில்லை. வாரத்துக்குக் கொஞ்சமாகப் போனது. அதனால்தான் நான் உணரவில்லை.

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் 'சீக்கிரம் காட்டுங்கள்' என்று பொருள். மினுக்கினால் 'கன்வர்ட்டர் இப்போதே கெட்டுக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள், உடனே காட்டுங்கள்' என்று பொருள். இந்த வேறுபாட்டை ஓட்டுநர் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

'உள்ளே இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துட்டா செலவே இல்லை' என்று பட்டறையில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். அடைப்பு போகும், இழுவையும் வரும் என்பது உண்மை. ஆனால் அது தடுத்துவந்த நச்சுப் புகை அத்தனையும் தெருவுக்கு வரும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தது, விழுப்புரம் பேருந்து நிலையத்து வாசலில் நாள் முழுக்க நின்று பூ விற்கும் பெண்ணின் நுரையீரலுக்காகவும்தான். செலவு கையைக் கடித்தாலும் புதிய கன்வர்ட்டரே போட்டோம்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பொறி தரும் பிளக்கும் காயிலும் கிடையாது. டர்போவின் ரப்பர் குழாய் கிழிவது, இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைவது, பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி நிரம்பிப்போவது என்று நோய்களின் பெயர்கள் மாறும். கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை மாறாது. முன்பு நன்றாக இழுத்ததா? எவ்வளவு குறைந்திருக்கிறது? பிறக்கவில்லையா, வந்து சேரவில்லையா? உள்ளே போவது சரியா, வெளியே வருவது சரியா? செலவில்லாத சோதனை முதலில், பிரித்து மாற்றும் வேலை கடைசியில். கடைசிக் கேள்வி ஒன்று எல்லா வண்டிக்கும் பொது: கெட்ட பாகத்தைக் கெடுத்தது எது? அதைக் கேட்காமல் புதிய கன்வர்ட்டரை மாட்டினால், கெட்ட காயில் அதையும் உருக்கிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் மறுபடி அதே சாலைக்குப் போனோம். மூன்றாவது கியர், 40 கிலோமீட்டர். 'இப்ப' என்றேன். முதுகு இருக்கையில் அழுந்தியது. மகள் கைபேசியைப் பார்த்து, "பத்துப்பா" என்றாள்.

திரும்பும் வழியில் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்த சர்வீஸ் புத்தகத்தை அவளே எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, '40–80, மூன்றாம் கியர், 10 நொடி' என்று எழுதினாள். அதன் கீழே கோடு கிழித்து, அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த பொங்கலுக்கும் இடம் விட்டாள். அந்தப் பக்கம் பதினான்கு மாதங்களுக்கு முன்பே இருந்திருந்தால், செஞ்சி சாலையில் அந்த டிராக்டருக்குப் பின்னால் போகையில் எனக்கு ஓர் எண் தெரிந்திருக்கும். நான் முந்தப் பார்த்திருக்க மாட்டேன்.